விளையாட்டுப் பெட்டியா? கம்ப்யூட்டரா?

வேணாட்டு மன்னர்களின் அரண்மனை உள்ள ஊர் இரணியல். அங்கே ஒரு வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் வழக்கு என்று வைத்துக்கொள்வோம். அரண்மனை வழக்கு அல்ல; விளையாட்டுப் பெட்டி வழக்கு!

"பிளே ஸ்டேஷன் வாங்கித் தாங்கப்பா" என்கிறான் பையன்.

"கூடக் கொஞ்சம் ரூபாய் போட்டா கம்ப்யூட்டரே வாங்கலாம்லா மக்ளே! படிக்கவும் ஆகும்" என்கிறார் அப்பா.

பிளே ஸ்டேஷன் என்பது என்ன? ஜப்பானின் சோனி கம்பெனி செய்யும் பெட்டி. அதை டெலிவிஷனில் மாட்டி, கையில் பிடிக்கும் கருவியின் பொத்தான்களை அழுத்தி விளையாட வேண்டும். இத்தகைய பெட்டிக்குக் 'கன்சோல்' என்று பெயர். விளையாட்டுக் கம்ப்யூட்டர் என்பது மற்றக் கம்ப்யூட்டர்களைப் போன்றதுதான். ஆனால், படங்களை வேகமாக வரைந்து காட்டும் 'கிராபிக்ஸ் கார்டு' அதில் உண்டு. விலையை ஏற்றுவது அந்தக் கார்டுதான்!

இந்த இரண்டும் ஒரே ஆளுக்காகப் போட்டி போடுகின்றனவா?

சோனி போட்ட கணக்கு

'ஹாரிசன் ஜீரோ டான்' என்ற விளையாட்டை 2017-ல் சோனி தன் பெட்டிக்கு மட்டும் வெளியிட்டது. 2020-ல் அதையே கம்ப்யூட்டருக்கும் விற்றது. 2018-ல் வந்த 'காட் ஆப் வார்' 2022-ல் கம்ப்யூட்டருக்கு வந்தது.

சொந்தப் பெட்டி விற்கும் கம்பெனி, எதிரியின் கடையில் சரக்கு வைக்குமா? கம்ப்யூட்டர்க்காரர்களில் பலர் பெட்டி வாங்கப் போவதே இல்லை என்று கண்டுகொண்டால்தான் வைக்கும். ஆனாலும் மூன்று நான்கு ஆண்டுகள் காக்க வைத்தது ஏன்? உடனே கொடுத்தால் பெட்டி வாங்க வந்தவனும் திரும்பிப் போய்விடலாம் அல்லவா?

மைக்ரோசாப்ட் கம்பெனிக்கு அந்தப் பயம் இல்லை. 'எக்ஸ் பாக்ஸ்' என்ற பெட்டியும் அதனுடையது. கம்ப்யூட்டர்களில் ஓடும் 'விண்டோஸ்' என்பதும் அதனுடையதே. எந்தக் கையால் வாங்கினாலும் பணம் ஒரே பைக்குத்தான் போகிறது!

ஆகவே, வெளிநாடுகளில் இவை பாதிப் பங்காளிகள், பாதிப் பகையாளிகள்.

நம் வீட்டுக் கதை வேறு

1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனியின் 'பேமிகாம்' பெட்டி வந்தது. அதைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டிகள் 1990-களில் இந்தியக் கடைகளில் 'டி.வி. கேம்' என்ற பெயரில் விற்றன. கேசட்டைச் சொருகினால் ஆட்டம் தொடங்கும். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு கருவியைப் பிடித்துக்கொண்டு ஆடலாம். பாட்டி வெற்றிலை போட்டபடி பார்க்கலாம். பெட்டி என்றால் அது நடுவீட்டுப் பொருள்.

கம்ப்யூட்டர் அப்படி அல்ல. அதற்கு முன்னால் ஒருவர்தான் உட்கார முடியும். சொந்தமாக வாங்க முடியாதவர்கள் 'பிரவுசிங் சென்டர்'களில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆடினார்கள்.

2006-ல் தமிழக அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது. 2011-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வந்தது. டி.வி.யைப் பொழுதுபோக்கு என்றார்கள். லேப்டாப்பைப் படிப்பு என்றார்கள். இந்த வித்தியாசம்தான் வீட்டு வழக்கையும் தீர்க்கிறது! விளையாடுகிறவன் மகன், பணம் கொடுப்பவர் அப்பா. அப்பாவின் கண்ணில் பெட்டி வெறும் பொம்மை. கம்ப்யூட்டரோ பாடப் புத்தகத்தின் தம்பி! அந்தத் தம்பி இரவெல்லாம் துப்பாக்கி சுடுவது அவருக்குத் தெரியாது.

ஆக, ரசிகர்கள் வேறாக இருக்கலாம். மணிபர்ஸ் ஒன்றுதான்.

செலவு எவ்வளவு?

'பிளே ஸ்டேஷன் 5' 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது விலை ரூ.49,990. அடுத்த ஆண்டே ரூ.54,990 ஆயிற்று. முதலில் இந்தப் பெட்டியைச் சோனி அடக்க விலைக்கும் குறைவாகவே விற்றது. அந்தப் பணத்துக்குள் அதே வேகமுள்ள கம்ப்யூட்டரைச் சேர்ப்பது கஷ்டம்.

பெட்டி மலிவு என்று மகிழ வேண்டாம்! புதிய விளையாட்டு ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தை இன்டர்நெட் மூலம் பிறரோடு ஆட, பெரும்பாலும் தனிச் சந்தாவும் கட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் அந்தச் சந்தா பொதுவாக இல்லை. தள்ளுபடியும் அடிக்கடி கிடைக்கும்.

ஆனால், பெட்டிக்கு ஒரு சௌகரியம் உண்டு. தட்டில் வரும் விளையாட்டை ஆடி முடித்தபின் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்து, அவனுடையதை வாங்கி ஆடலாம். பாதி விலைக்கு விற்கவும் செய்யலாம். கம்ப்யூட்டரில் டவுன்லோடு செய்து வாங்கியதை விற்க முடியாது. அது வாங்கியவர் கணக்கோடு கட்டுண்டு கிடக்கும்.

தட்டுப் போட இடமே இல்லாத பிளே ஸ்டேஷனும் உண்டு. 2021-ல் அது பத்தாயிரம் ரூபாய் குறைவாக வந்தது. அதில் இந்தச் சௌகரியம் கிடையாது. விலையை மட்டும் பார்த்து அதை வாங்கி வருகிற அப்பா, கடையிலேயே ஒருமுறை மகனைக் கேட்டுக்கொள்வது நல்லது.