முத்தையா என்றால் எந்த முத்தையா?

காரைக்குடியிலிருந்து வடக்கே போனால் கோட்டையூர். அதற்கும் அப்பால் பள்ளத்தூர், கானாடுகாத்தான். மேற்கே திருப்பத்தூர்ப் பக்கம் சிறுகூடல்பட்டி. பஸ் பிடித்தால் நான்கு ஊரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஊருக்கொரு முத்தையா உண்டு. நான்கு பேரும் ஊர் உலகம் அறிந்தவர்கள்.

சிறுகூடல்பட்டி முத்தையா 1927-ல் பிறந்தார். சினிமாவுக்குப் பாட்டு எழுதினார். கண்ணதாசன் என்று சொன்னால் உங்களுக்கே தெரியும். கோட்டையூர் முத்தையா விளம்பரப் பலகை எழுதியவர். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி வீட்டில் அடுக்கினார். சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் சேர்ந்தன. 1992-ல் அவர் காலமான பிறகு அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. சென்னையில் 1994-ல் ‘ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்’ உருவானது அப்படித்தான். பள்ளத்தூர் முத்தையா 1930-ல் பிறந்தவர், கொழும்பில் பத்திரிகையாளராக இருந்தவர். பிறகு சென்னைக்கு வந்து அந்த நகரத்தின் வரலாற்றைத் தெருத் தெருவாகத் தேடி எழுதினார். கானாடுகாத்தான் குடும்பத்து முத்தையா 1933-ல் சென்னையின் மேயர் ஆனார்.

இந்த நான்கு ஊரும் இருக்கிற செட்டிநாட்டைத் தாண்டினாலும் முத்தையாக்கள் விடமாட்டார்கள். கர்நாடக இசையில் ஒருவர் இருந்தார். அவரை எல்லோரும் ஊரைச் சேர்த்து ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் என்றார்கள். டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்த இலங்கை வீரர் முத்தையா முரளிதரனை விட்டுவிட முடியுமா? அங்கே முத்தையா என்பது அவருடைய அப்பாவின் பெயர்.

இத்தனை முத்தையாக்கள் எப்படி வந்தார்கள்? யாரும் யாரையும் பார்த்துக் காப்பியடிக்கவில்லை. இதற்குப் பின்னால் கொஞ்சம் கணக்கு இருக்கிறது.

ஓர் ஊரில் ஆண்பிள்ளைகளுக்கு வைக்க 100 பெயர்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பெயருக்கும் ஒரே அளவு வாய்ப்பு. எத்தனை பையன்கள் கூடினால் அவர்களில் இரண்டு பேருக்காவது ஒரே பெயர் இருக்க பாதிக்கு மேல் வாய்ப்பு? 50 என்பீர்கள். 13 போதும்!

நம்ப முடியவில்லையா? ஆட்களை எண்ணாதீர்கள், ஜோடிகளை எண்ணுங்கள். 13 பேரில் ஒவ்வொருவரும் மற்ற 12 பேரோடு ஜோடி சேரலாம். 13-ஐ 12-ஆல் பெருக்கினால் 156. ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு தடவை எண்ணிவிட்டோம், ஆகவே பாதி, 78. இந்த 78 ஜோடிகளில் ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒத்துப்போக நூற்றில் ஒரு வாய்ப்பு. ஒரு ஜோடி தப்பலாம், பத்து தப்பலாம். 78 ஜோடியும் தப்புவது கஷ்டம். இதே கணக்கைப் பிறந்தநாளுக்குப் போட்டால் 365 நாள் இருந்தும் 23 பேரே போதும். உண்மையில் எல்லாப் பெயருக்கும் ஒரே மவுசு கிடையாது. முத்தையா, அண்ணாமலை, சிதம்பரம், மெய்யப்பன் எல்லாம் அடிக்கடி வருகிற பெயர்கள். அப்படியானால் 13 பேர்கூட வேண்டாம்.

இதோடு செட்டிநாட்டில் இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. தலைப்பிள்ளைக்கு அப்பாவின் அப்பா பெயரை, அதாவது ஐயா பெயரை, வைப்பார்கள். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்ப வரும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கணவன் பெயரை மனைவி சொல்லக்கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. ஆகவே ஐயா பெயரை வைத்த பேரனை அப்பத்தா பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், ‘தம்பி’ என்றுதான் அழைப்பார். ஆசையாக வைத்த பெயரை வீட்டில் பாதிப் பேர் உச்சரிக்கவே முடியாது!

வீட்டுக்குள் தம்பி போதும். வியாபாரத்தில் போதுமா? செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து போய்க் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள். ரங்கூனில் பணம் கட்டி, காரைக்குடியில் உண்டியல் என்ற பணச்சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ள முடிந்தது. பணம் வேறு முத்தையா கைக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? அதனால் பெயருக்கு முன்னால் அப்பா, ஐயா, சில வீடுகளில் அதற்கும் மேலே உள்ளவர்களின் பெயரிலிருந்து ஒவ்வோர் எழுத்தை எடுத்துக் கோத்தார்கள். இதை விலாசம் என்பார்கள். கடைக்கும் அதுவே பெயர், பேரேட்டிலும் அதுதான். அந்த எழுத்துகளை ‘மு’ ‘அ’ என்று மொட்டையாகச் சொல்லமாட்டார்கள். மூனா, ஆனா, ரூனா, லேனா என்று இழுத்துச் சொல்வார்கள். காதில் தெளிவாக விழும் அல்லவா?

விலாசம் எவ்வளவு உதவும்? மறுபடி கணக்குப் போடுவோம். முதலெழுத்தாக வரக்கூடியவை 10 என்று வைத்துக்கொண்டால், 100 பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்க்க 1,000 வகை கிடைக்கும். இப்போது குழப்பம் வர பாதி வாய்ப்பு வேண்டுமென்றால் ஏறத்தாழ 38 பேர் கூட வேண்டும். இரண்டு எழுத்தானால் 10,000 வகை, ஏறத்தாழ 119 பேர். ஓர் எழுத்துக்கு எவ்வளவு பலம் பாருங்கள்.

அயர்லாந்திலும் இதே தலைவலிதான். அங்கே ஐரிஷ் மொழி பேசும் கிராமங்களில் ஷான்களும் பாட்ரிக்குகளும் நிறைய. ஒருவரைக் குறிப்பிட வேண்டுமென்றால் அவர் பெயர், அடுத்து அப்பா பெயர், அதற்கடுத்துத் தாத்தா பெயர் என்று அடுக்கிச் சொல்வார்கள். நாம் முன்னால் சேர்ப்பதை அவர்கள் பின்னால் சேர்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது ஒரு குறும்பான கேள்வி. விலாசத்தில் எல்லா எழுத்தும் ஒரே அளவு வேலை செய்கிறதா?

கானாடுகாத்தான் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். முத்தையாவின் மகன் அண்ணாமலை. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் இவர்தான். அவர் மகன் மறுபடி முத்தையா, நாம் முன்பு பார்த்த மேயர். அவர் பெயர் எம்.ஏ.முத்தையா. நம் எழுத்தில் மு.அ.முத்தையா. முதலில் நிற்கும் ‘மு’ யார்? ஐயா முத்தையா. பேரன் பெயரும் முத்தையா. ஐயா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள் என்று தெரிந்தவருக்கு அந்த ‘மு’ புதிதாக எதையும் சொல்லவில்லை! ‘அ’ மட்டும்தான் உழைக்கிறது.

அப்படியானால் ‘மு’ தண்டமா? இல்லை. பேரேட்டில் ஒரு பக்கத்தைப் பூச்சி அரித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ‘மு.அ.’ மட்டும் மிச்சம், பெயர் போய்விட்டது. ‘முத்தையாவாகத்தான் இருக்கும்’ என்று பெட்டியடியில் உட்கார்ந்திருப்பவர் ஊகித்துவிடுவார். முதலெழுத்து அழிந்திருந்தாலும் அப்படியே, பெயரை வைத்து எழுத்தைக் கண்டுபிடித்துவிடலாம். புதிதாக எதுவும் சொல்லாத எழுத்து, தொலைந்ததை மீட்டுத் தருகிறது. தகவலியலில் இதற்கு மிகைத்தகவல் என்று பெயர். அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1948-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதை எப்படி அளப்பது என்று காட்டினார்.

இதே தந்திரத்தை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ஏதாவது ஒரு புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்புங்கள். பட்டைக்கோட்டுக்குப் பக்கத்தில் 978 என்று தொடங்கும் 13 இலக்க எண் இருக்கும். முதல் இலக்கத்தை அப்படியே எழுதுங்கள், இரண்டாவதை 3-ஆல் பெருக்குங்கள், மூன்றாவது அப்படியே, நான்காவதை மறுபடி 3-ஆல் பெருக்குங்கள். இப்படியே 13-வது வரை போய் எல்லாவற்றையும் கூட்டுங்கள். விடை பத்தால் மீதியின்றி வகுபடும். ஏனென்றால் கடைசி இலக்கத்தை அப்படி வரும்படியாகவே போட்டிருக்கிறார்கள். அது புத்தகத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒரே ஓர் இலக்கத்தை யாராவது தப்பாகத் தட்டினால் கணக்கு இடித்துக் காட்டிவிடும். ஆதார் எண்ணின் 12-வது இலக்கமும் இப்படிப்பட்ட காவல்காரன்தான், அதன் கணக்கு மட்டும் இன்னும் சிக்கலானது.

குடும்பத்து வழக்கம் ஒன்றும் கணித விதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் ஐயா பெயரையே வைக்க முடியாதே! மேயரின் தம்பி எம்.ஏ.சிதம்பரம், சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தின் பெயரில் இருப்பவர். பேரேட்டில் ‘மு.அ.சிதம்பரம்’ என்று பார்த்தால் தப்பா சரியா என்று எழுத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அவருடைய மகன் ஏ.சி.முத்தையா. இங்கே ‘ஏ’ ஐயா அண்ணாமலை, ‘சி’ அப்பா சிதம்பரம், பெயரோ ஐயாவின் அப்பாவுடையது. இந்த விலாசத்தில் மிகை குறைவு, இரண்டு எழுத்துமே உழைக்கின்றன.

தத்துப் போனாலும் கணக்கு மாறிவிடும். சிறுகூடல்பட்டி முத்தையாவுக்குத் தத்துப் போன வீட்டில் நாராயணன் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அவரே கண்ணதாசன் என்று வைத்துக்கொண்டார். விலாசமே தேவைப்படாத பெயர்! புனைபெயர் வைத்துக்கொள்கிற எழுத்தாளர்கள் கெட்டிக்காரர்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

நூலகத்தில் வேலை செய்பவர்களுக்குத்தான் பாவம், உண்மையான சோதனை. பள்ளத்தூர்க்காரர் எஸ்.முத்தையா என்று எழுதினார். அவர் பிறப்பதற்கு முன்பே, 1928-ல், சென்னை மாகாணத்தில் ஒரு எஸ்.முத்தையா அமைச்சராக இருந்தார். அந்தக் காலத்தில் முதலியார் என்ற சாதிப் பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் அவரைப் பிரித்தறிய முடிந்தது. அந்தப் பட்டங்களைப் பெரும்பாலானவர்கள் இப்போது விட்டுவிட்டார்கள், நல்லதுதான். ஆனால் முதலெழுத்தும் ஒன்று, பெயரும் ஒன்று என்றால் நூலகர் என்ன செய்வார்? பெயரை அடுத்துப் பிறந்த வருடத்தைப் போடுவார். விஞ்ஞானிகளுக்கும் இதே தொல்லைதான். ஒரே பெயரில் பலர் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள். அதற்காக 2012-ல் ஆர்சிட் என்ற 16 இட எண் வந்தது. அதன் கடைசி இடமும் காவல்காரனே.

அடுத்த வாரம் வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். பள்ளி வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுங்கள். எத்தனையாவது சீட்டில் முதல் முறை பெயர் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முதலெழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே வீட்டு அண்ணன் தம்பி, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளை ஒன்றாகப் போடாதீர்கள், கணக்கு கலைந்துவிடும். ஏன் என்று யாராவது கேட்டால் மு.அ.முத்தையாவைக் காட்டுங்கள்.