வீட்டு ஜலத்தில் சிக்கனம்

இராமநாதபுரம் ஜில்லா போன்ற வானம் பார்த்த சீமைகளில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பெய்தால்தான் ஊருணியும் கண்மாயும் பெருகும். அம்மழை தவறிய வருஷத்தில் கோடை முற்றுவதற்கு முன்பே ஊருணி வற்றிவிடும். கடற்கரையோரக் கிராமங்களிலோ கிணற்று ஜலம் உப்புக் கரிக்கும். அப்பொழுது ஸ்திரீகள் குடமும் கையுமாய் நெடுந்தூரம் நடக்கிறார்கள். நடக்க இயலாதவர்கள் குடம் ஒன்றுக்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். மழையை வருவிப்பது எவராலும் ஆகாது. ஆனால் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஜலத்தை இருமுறை உபயோகிப்பது ஒவ்வொரு குடும்பத்தாலும் ஆகும்.

2019-ம் வருஷத்தில் ஆரம்பிக்கப்பட்ட ஜல ஜீவன் இயக்கம், கிராமங்களில் ஆளொன்றுக்குத் தினம் 55 லிட்டர் அளிப்பதை நோக்கமாகக் கொண்டது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு இது 275 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் செலவாவது இதில் சிறு பாகமே. ஸ்நானத்துக்கும், துணி துவைக்கவும், பாத்திரம் துலக்கவும் செலவாகும் பெரும்பாகம் தெருவில் ஓடிச் சேறாகிறது. அதில் தினம் 100 லிட்டரை மீட்டாலும் மாதம் 3,000 லிட்டர் மிச்சமாகும்.

மீட்கும் முறை வருமாறு:

1. அரிசி கழுநீர் மாட்டுக்கு. காய்கறி கழுவிய ஜலம் கீரைப் பாத்திக்கு.

2. துணியைக் கடைசியாக அலசிய ஜலம் தரை கழுவ. சோப்பு மிகுந்த முதல் ஜலம் கக்கூஸுக்கு.

3. ஸ்நான ஜலம், சரளையும் மணலும் நிரப்பிய குழி வழியாக வாழைக்கும் தென்னைக்கும் கல்வாழைக்கும்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். சோப்பு ஜலத்தைப் பச்சையாகத் தின்னும் காய்களுக்கும் கீரைக்கும் விடலாகாது. நோயாளியின் துணி, குழந்தையின் மலத்துணி ஆகியவற்றை அலசிய ஜலத்தை மீண்டும் உபயோகிக்கலாகாது. கழிவு ஜலத்தை ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாற்றமெடுக்கும். குழி, கிணற்றினின்று விலகியிருக்க வேண்டும்.

மழை ஜலமும் வீட்டு வரவே. 20 அடி நீளமும் 15 அடி அகலமுமுள்ள கூரைமீது ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 700 லிட்டர் விழும். சேதம் போக 500 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கலாம். முதல் மழை கூரையைக் கழுவி ஓடட்டும். பின்னதைச் சேகரித்து மூடி வைக்க வேண்டும். டெங்கு ஜுரத்தைப் பரப்பும் கொசு தெளிந்த ஜலத்தில் முட்டையிடும். ஆகையால் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுதல் நலம். அது கூடாத பெரிய தொட்டியின் வாயைக் கொசு நுழையாதபடி வலையால் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2003-ம் வருஷத்தில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. எனினும் குழாய் உடைந்தும் குழி தூர்ந்தும் கிடந்தால் சட்டத்தால் பயனில்லை.

ஊருணி ஊருக்கெல்லாம் பொது. ஒரு வீட்டார் வீணாக்கும் குடம், வைகாசியில் மற்றொரு வீட்டாருக்கு இல்லாமற்போகும் குடமாகும். ஆதலால் சங்க அங்கத்தினர்கள் மகாசபைக் கூட்டத்தில் இதனை யோசித்து, புரட்டாசிக்குள் கூரைக் குழாய்களைச் செப்பனிடவும், வீட்டுக்கொரு வடிகுழி வெட்டவும் தீர்மானித்தல் உசிதம். பணத்தில் சிக்கனம் கற்ற சங்கத்தாருக்கு ஜலத்தில் சிக்கனம் புதிய பாடமன்று.