கல்யாண ஆல்பம் யாருடையது?

கல்யாணத்துக்கு போட்டோகிராபரை புக் செய்யும்போது எல்லாம் பேசிவிடுகிறோம். ஆல்பம் எத்தனை பக்கம், கேண்டிட் தனியா, ட்ரோன் உண்டா, அட்வான்ஸ் எவ்வளவு. எடுத்த படங்கள் யாருக்குச் சொந்தம், எத்தனை காலம் அவரிடம் இருக்கும், அவர் இன்ஸ்டாகிராமில் போடலாமா என்பவை மட்டும் பேச்சில் வருவதேயில்லை. மறுவாரம் மணப்பெண் அழும் காட்சி ரீல்ஸாக ஓடும்போதுதான் சண்டை தொடங்குகிறது.

“எடுத்தவன் நான், படம் என்னுடையது” என்பார் போட்டோகிராபர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாகப் படைத்தவரே முதல் உரிமையாளர். ஃப்ரீலான்ஸராக ஒருவர் எழுதித் தரும் கட்டுரைக்கும் மென்பொருளுக்கும் இதுவே விதி. ஆனால் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் விலக்கு வைத்திருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். அனுமதி கேட்காமல் விளம்பரத்துக்குப் போட்டால், தான் எடுத்த படத்துக்கே அவர் பதிப்புரிமை மீறியவராகலாம். “இதை எடுத்தவர் நான்” என்று சொல்லிக்கொள்ளும் தார்மிக உரிமை மட்டும் 57ஆம் பிரிவால் அவரிடமே நிற்கிறது.

நம் ஊரில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்டர் கொடுத்து, பணம் கட்டுபவர் பெரும்பாலும் பெண்ணின் அப்பா. உரிமை அவருடையதாகலாம், முகம் மகளுடையது. அப்பா தலையாட்டியதை மகளின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. குடும்பம், திருமணம் போன்ற அந்தரங்க விஷயங்களை ஒருவரின் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, நக்கீரன் ஆசிரியர் தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில்தான். 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே அறிவித்தது.

அடுத்து வந்தது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. உறவினர் தன் போனில் எடுத்து வைத்துக்கொள்வதை இச்சட்டம் தொடாது. தொழிலாகச் செய்பவருக்கு அந்த விலக்கு இல்லை. எதற்காக என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் அதே அளவு எளிதாக இருக்க வேண்டும். பாதுகாப்புக் குறைபாட்டுக்கு அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். ஒற்றைக் கேமராக்காரர் அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மீறலின் தன்மையையும், அபராதம் அவரை எப்படிப் பாதிக்கும் என்பதையும் பார்த்தே தொகை முடிவாகும்.

பயப்பட வேண்டியது மெமரி கார்டு போகும் வழியை நினைத்துத்தான். நாள் கூலிக்கு வந்த இரண்டாவது கேமராமேன், வேறு ஊரில் இருக்கும் எடிட்டர், ஆல்பம் டிசைனர், பிரிண்ட் போடும் லேப், யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய டிரைவ் லிங்க். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து செல்ஃபி காட்டினால் உங்கள் படங்களைத் தேடித் தரும் சேவை வேறு. அதில் விருந்தினர் முகங்கள் முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்துக்குப் போகின்றன. இவர்களில் எவர் கையிலிருந்து கசிந்தாலும், சட்டம் முதலில் கேள்வி கேட்பது வேலையை ஒப்புக்கொண்டவரைத்தான். வேலை பகிர்ந்தவர்களோடும் அவருக்கு ஒப்பந்தம் இருந்தாக வேண்டும்.

மஞ்சள் நீராட்டுப் படங்களைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பாதவர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி குழந்தை. சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் தேவை. என்னைக் கேட்டால், பெற்றோர் சம்மதித்தாலும் ஒரு சிறுமியின் சடங்கு படத்தைப் பேக்கேஜ் விளம்பரமாக்கும் வழக்கத்தைத் தொழிலே கைவிடலாம்.

இதற்கெல்லாம் வக்கீல் தேவையில்லை. கொட்டேஷன் தாளின் அடியில் சில வரிகள் போதும். எந்தப் படங்களை, எங்கே போடலாம் என்பதற்கு மணமக்கள் இருவர் கையெழுத்து. ரா ஃபைல் தரப்படுமா என்பது. ஆல்பம் கொடுத்தபின் எந்தத் தேதி வரை பேக்கப் இருக்கும், பிறகு அழிக்கப்படும் என்பது. இந்தக் கடைசி வரி போட்டோகிராபருக்கும் காப்பு. இரண்டு வருடம் கழித்து “பென்டிரைவ் தொலைந்துவிட்டது, மறுபடி கொடுங்கள்” என்று வருபவர்கள் நிறைய. படம் தேர்வு செய்து தரும் கெடுவையும் எழுதிவிட வேண்டும். ஆல்பம் தாமதமாவதில் பாதிக் காரணம் வீட்டார்தான். இருந்தும் வழக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்போது, கெடு எழுதப்படாத தாளோடு போட்டோகிராபரே போய் நிற்க வேண்டியிருக்கும்.

“அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது” என்ற வரி எல்லா பில்லிலும் உண்டு. அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான இழப்பீட்டைத்தான் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அனுமதிக்கிறது. முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் ரத்தானால் எவ்வளவு, மூன்று மாதம் முன்பே சொன்னால் எவ்வளவு என்று பிரித்து எழுதியிருப்பவரின் வாதம்தான் எடுபடும்.