சின்ன மிளகாய்க்கும் பெரிய மிளகாய்க்கும் ஒரே கூலியா?

இந்த வாரம் நாம் மிளகாயைப் பற்றிப் பேசப்போகிறோம். "சங்கத்துக்காரர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். பொறுமையாகப் படியுங்கள். மிளகாயில் தொடங்கும் பேச்சு கூலியில்தான் போய் நிற்கும்.

பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கிளைக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா மட்டும் கோப்பையை வாங்காமல் தள்ளி நின்றார். நமக்குப் பெரியம்மா முறை சொல்லக்கூடிய வயது. ஏன் என்று கேட்டோம். "சூடு தாங்காது தம்பி. நேத்து பூரா மிளகாய் பறிச்ச கை" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. விரல் நுனியில் லேசான சிவப்பு, அவ்வளவுதான். ஆனால் இரவெல்லாம் வாளித் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

அந்த அம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் தோட்டத்தை ஒட்டியுள்ள ஒரு காய்கறிப் பண்ணையில் கிலோ கணக்குக்கு மிளகாய் பறிக்கிறார்கள். சிலர் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்கள். சிலர் வீட்டுக்காரர் சம்பளம் பற்றாமல் போகிறவர்கள். பண்ணையில் இரண்டு வகை மிளகாய். ஒன்று, விரல் நீளத்துக்குத் தொங்குகிற பெரிய சிவப்பு மிளகாய். மற்றது சிலி பாடி. நம் வீடுகளில் ஊசி மிளகாய் என்கிறோமே, அது. இரண்டுக்கும் கிலோவுக்கு ஒரே கூலி. முதலாளி சொன்ன நியாயம்: "கிலோன்னா கிலோதானே!"

அந்த நியாயத்தைப் பிறகு நிறுத்துப் பார்ப்போம். முதலில் இந்தக் காரம் என்பது என்ன?

காரம் விதையில் இருக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவல்ல. மிளகாயைப் பிளந்தால் உள்ளே விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சதை தெரியும். காரச் சத்து ஊறுவது அங்கேதான். அதன் பெயர் கேப்சைசின். அந்தச் சதையோடு ஒட்டியிருப்பதால்தான் விதையும் காரமாக இருக்கிறது. ஒரே வகை மிளகாயிலும் காரம் ஒரே மாதிரி இருக்காது. தண்ணீர் இல்லாமல் வாடிய செடியின் காயில் காரம் ஏறிவிடுவது உண்டு.

இதை அளப்பதற்கு 1912-ல் ஒருவர் வழி கண்டார். அமெரிக்காவில் பார்க்-டேவிஸ் என்ற மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த வில்பர் ஸ்கோவில் என்பவர்தான் அவர். மிளகாயின் சாரத்தை எடுத்து, சர்க்கரைத் தண்ணீரைக் கலந்து கலந்து நீர்த்துப்போகச் செய்து, சிலருக்குக் கொடுத்துச் சுவைக்கச் சொன்னார். அவர்கள் நாக்குக்குக் காரமே தெரியாமல் போக எத்தனை மடங்கு நீர்க்க வைக்க வேண்டியிருந்ததோ, அதுவே அந்த மிளகாயின் எண். இப்போது நாக்குக்கு அந்த வேலை இல்லை. இயந்திரம் அளந்து சொல்லிவிடுகிறது. பெயர் மட்டும் இன்றும் ஸ்கோவில் அளவுதான்.

அந்தக் கணக்குப்படி குடைமிளகாய்க்கு எண் 0. கறிக்கு நிறம் கொடுக்கிற காஷ்மீர் மிளகாய்க்கு ஓரிரண்டு ஆயிரம்தான். ஆந்திராவிலிருந்து வருகிற குண்டூர் சன்னம் என்ற காய்ந்த மிளகாய் 35,000 முதல் 40,000 வரை போகும். நமது சிலி பாடியோ 50,000-லிருந்து 1,00,000 வரை! 'கெச்சில்-கெச்சில் சிலி பாடி' என்று மலாய்க்காரர்கள் சும்மா சொல்லவில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று நம்மவர்கள் சொன்னதும் இதே கருத்தில்தான். பண்ணையில் விளைகிற பெரிய சிவப்பு மிளகாய் இந்த வரிசையில் வெகு கீழே நிற்கிறது.

கூட்டத்தில் இதைச் சொன்னதும், வங்காளதேசத்திலிருந்து வந்து அங்கே குலை வெட்டுகிற ஒரு தம்பி சிரித்துவிட்டார். சிலேட் பக்கத்துக்காரர். "எங்க ஊர் நாகா மொரிச்சைத் தின்னு பாருங்க அண்ணே!" என்றார் அரைகுறைத் தமிழில். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நாகா மொரிச்சின் இனமான அஸ்ஸாம் நாட்டு பூத் ஜொலோக்கியா 2007-ல் 10,01,304 என்ற எண்ணோடு கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் ஏறியது. அதையும் தாண்டி 2023-ல் அமெரிக்காவில் விளைந்த பெப்பர் எக்ஸ் என்ற மிளகாய்க்கு 26,93,000 என்று கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதை எல்லாம் யார் சாப்பிடுகிறார்களோ நமக்குத் தெரியாது. மாதக் கடைசியில் கறிக்கு வழியில்லாமல், பழைய சோற்றுக்கு ஒரு ஊசி மிளகாயைக் கடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன நமக்கு அந்த 50,000-மே போதும். ஒரு மிளகாய் இருந்தால் ஒரு மங்கு சோறு உள்ளே போய்விடும் என்பது லயத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும்.

இத்தனைக்கும் மிளகாய் நம் ஊர்ச் சரக்கே அல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர்கள்தான் 16-ஆம் நூற்றாண்டில் இதை நம் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதற்கு முன் நம் முன்னோருக்குக் காரம் என்றால் மிளகு. மிளகைப் போலக் காரமான காய் என்பதால் மிளகாய். ரப்பர் மரத்தைப் போல இதுவும் கப்பலேறி வந்ததுதான்.

சரி, அந்த அம்மாவின் கைக்கு வருவோம். நம் நரம்புகளில் சூட்டை உணர்த்துகிற ஒரு வாசல் இருக்கிறது. சூடு 43 பாகையைத் தாண்டினால் அது திறந்து 'நெருப்பு' என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். கேப்சைசின் பட்டாலும் அதே வாசல் திறந்துகொள்கிறது. 1997-ல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானிக்கு 2021-ல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மிளகாய் பட்ட கையில் தேத்தண்ணிக் கோப்பையின் சூடு இரண்டு மடங்காகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். பறவைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை; அவற்றுக்குக் காரம் உறைப்பதில்லை. தின்றுவிட்டு விதையைப் போகிற இடமெல்லாம் போட்டுவிடும். பழைய பால்மரக் காட்டில் யாரும் நடாமலே ஊசி மிளகாய்ச் செடி முளைத்து நின்றதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அது குருவி செய்த வேலை.

பறிக்கிற சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே எரிகிற கையை வாளியில் விட்டுக்கொண்டிருந்தால், எடுத்தவுடன் மறுபடி எரியும். சமையல் எண்ணெயை நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வாய் எரிந்தால் பாலோ தயிரோ உதவும். கண்ணில் பட்டுவிட்டால் எண்ணெய் கூடவே கூடாது. கசக்காமல் சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவிவிட்டு, எரிச்சல் நிற்காவிட்டால் கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். மிளகாய் பறித்துவிட்டு வந்த கையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். இதை அந்த அம்மாவே சொன்னார். பேத்தி ஒரு மணி நேரம் அழுததாம்.

இப்போது கூலிக் கணக்கு. கிளைச் செயலாளர் வீட்டில் மாவு நிறுக்கிற சிறிய தராசு ஒன்று இருந்தது. அந்த அம்மா கொண்டுவந்திருந்த இரண்டு வகை மிளகாயிலும் 100 கிராம் நிறுத்து, பாயில் கொட்டி எண்ணினோம். பெரிய மிளகாய் எட்டுக் காய். ஊசி மிளகாய் நூற்றுப் பதினான்கு. எண்ணி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது. அதாவது, ஒரு கிலோ பெரிய மிளகாய்க்கு எண்பது தடவை கிள்ளினால் போதும். ஒரு கிலோ ஊசி மிளகாய்க்கு ஆயிரத்துக்கு மேல் கிள்ள வேண்டும். எரிகிறதும் அதுதான், இடுப்பு ஒடிவதும் அதில்தான். இரண்டுக்கும் ஒரே கூலி!

செம்பனையில் குலையின் எடையையும் மரத்தின் உயரத்தையும் பார்க்காமல் கூலி பேசக் கூடாது என்று சங்கத்தில் நாம் எத்தனை வருடமாக வாதாடி வருகிறோம்! மிளகாய்க்கு மட்டும் அந்தக் கணக்கு பொருந்தாமல் போய்விடுமா?

அந்தப் பண்ணை நமது ஒப்பந்தத்துக்குள் வராது. பெண்களும் சங்க உறுப்பினர்கள் அல்லர். இருந்தாலும் அக்கம்பக்கத்து மனிதர்களாகப் போய் முதலாளியைப் பார்த்தோம். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். கெட்டவர் என்று சொல்ல மாட்டோம். "சந்தை விலை ஏறும் எறங்கும், நான் என்ன செய்றது?" என்றார். விலை ஏறிய மாதங்களில் கூலி ஏறியதா என்று அந்த அம்மா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. தராசை எடுத்து அவர் முன்னாலேயே மறுபடி எண்ணிக் காட்டினோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஊசி மிளகாய்க்கு ஒன்றரை மடங்கு தருவதாகச் சொன்னார். பெண்கள் மூன்று மடங்கு கேட்கிறார்கள்.

கையுறை வாங்கித் தருவதற்கும் ஒப்புக்கொண்டிருக்கிறார். உலகத்துக்கே கையுறை செய்து அனுப்புகிற நாட்டில் இதற்கு இத்தனை நாள் ஆயிற்று என்பதை என்னவென்று சொல்வது! ஆனால் அதிலும் ஒரு சிக்கல். கையுறை போட்டால் ஊசி மிளகாயின் காம்பு விரலில் அகப்படுவதில்லை. கிலோ குறைகிறது, காசும் குறைகிறது. அதனால் பாதிப் பேர் கையுறையைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெறுங்கையால் பறிக்கிறார்கள். கிலோ கூலி இப்படியே இருக்கும் வரை அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு மறுபடி பேச்சு வார்த்தை. தராசோடு போகிறோம். உங்கள் பக்கத்தில் மிளகாய் பறிக்கிறவர்கள் இருந்தால், எந்த வகைக்குக் கிலோ என்ன கூலி, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பறிக்க முடிகிறது என்ற விவரங்களை இந்தப் பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். அங்கே பேசும்போது நமக்குக் கையில் கணக்கு வேண்டும்.