கால்பந்தை அளந்த கீவ் நகரம்

டைனமோ கீவ் அணியின் லெஃப்ட் விங்கர் வலேரி லோபனோவ்ஸ்கி கார்னர் கிக் அடிக்க வந்தால் எதிரணி கோல்கீப்பருக்கு நிம்மதி இருக்காது. மூலைக்கொடியருகே கிளம்பும் பந்து, யார் தலையிலும் படாமல் வளைந்து நேரே வலைக்குள் போய் விழக்கூடும். ரசிகர்கள் அந்த அடிக்குச் ‘சருகு’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பந்தின் நடுவில் உதைக்காமல் ஓரத்தில் உதைத்தால் அது சுழன்றபடி பறக்கும். சுழலும் பந்து தன்னை ஒட்டியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு, அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். காற்று ஒரு பக்கம் தள்ளப்பட்டால் பந்து மறுபக்கம் நகர்ந்தாக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிவியலாளர் மாக்னஸின் பெயரால் இது மாக்னஸ் விளைவு எனப்படுகிறது.

1927-இல் தொடங்கிய டைனமோ கீவ் கிளப், 1961-இல் சோவியத் லீக் பட்டத்தை வென்றது. மாஸ்கோவுக்கு வெளியே அந்தப் பட்டம் போனது அதுவே முதல் முறை. அந்த அணியில் ஆடிய லோபனோவ்ஸ்கி பொறியியலும் படித்தவர். அவர் வளர்ந்த கீவில்தான், ஐரோப்பாக் கண்டத்தின் தொடக்கக்காலக் கணினிகளில் ஒன்றான ‘மெஸ்ம்’ 1951-இல் இயங்கத் தொடங்கியது. கணினியும், அமைப்புகள் எப்படிக் கட்டுப்படுத்தப்படுகின்றன என்று ஆராயும் சைபர்நெட்டிக்ஸும் அந்த நகரத்தின் பெருமையாக இருந்தன. அந்தக் காற்று கால்பந்து மைதானத்திலும் வீசியதில் வியப்பில்லை.

லோபனோவ்ஸ்கி பயிற்சியாளராகி டினிப்ரோ அணியில் இருந்தபோது, உடலின் ஆற்றல் செலவை ஆராய்ந்துவந்த அனடோலி ஜெலென்ட்சோவைச் சந்தித்தார். அவர் டைனமோ கீவின் பொறுப்பை ஏற்றபின் இந்தக் கூட்டணி கால்பந்தைப் புதிதாக எண்ணிப் பார்த்தது. ஆட்டம் என்பது 22 உறுப்புகள் கொண்ட ஓர் அமைப்பு. பதினொன்று பதினொன்றாக இரண்டு துணை அமைப்புகள் மோதுகின்றன. தனித்தனித் திறமைகளைக் கூட்டினால் வருவதைவிட, உறுப்புகளுக்கு இடையிலான இணைப்பு அதிக பலம் தரும். ஆகவே பந்து வைத்திருப்பவரை மட்டும் பார்த்தால் போதாது. பந்தில்லாத பத்துப் பேரும் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீரரின் ஓட்டமும் பாஸும் பிழையும் குறித்துவைக்கப்பட்டன. எதிர்வினை வேகத்தையும் நினைவாற்றலையும் சோதிக்கக் கணினித் தேர்வுகளும் வந்தன. மொத்தச் செயல்களில் பிழைகள் 15 முதல் 18 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த அணியை வெல்ல முடியாது என்பது ஜெலென்ட்சோவின் கணிப்பு.

பலன் உடனே தெரிந்தது. 1975-இல் பேசலில் ஃபெரென்ட்ஸ்வாரோஷை 3-0 என வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையை டைனமோ கைப்பற்றியது. அதே ஆண்டு சூப்பர் கோப்பையில் பயர்ன் மியூனிக்கின் வலையில் விழுந்த மூன்று கோல்களையும் அடித்தவர் ஓலெக் ப்ளோகின்.

ஆனால் மனிதன் வெறும் உறுப்பு அல்ல. 1976-இல் பயிற்சியின் கடுமை தாங்காமல் வீரர்களே எதிர்த்து எழுந்தார்கள். ஏட்டில் எழுதிய பளுவும் உடம்பு தாங்கும் பளுவும் ஒன்றல்ல. அறிவியலின் பெயரால் அணி நடத்தும் எவரும் மறக்கக்கூடாத ஆண்டு அது.

செர்னோபில் அணு உலை வெடித்த ஆறாம் நாள், 1986 மே 2 அன்று, பிரான்ஸின் லியோன் நகரில் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதிப் போட்டியில் மீண்டும் டைனமோ. எதிரில் அட்லெட்டிகோ மாட்ரிட். 85-ஆம் நிமிடம். இடப்பக்கம் ஏறிய டைனமோ வீரர் ராட்ஸ் உள்ளே பெலனோவுக்குத் தள்ளுகிறார். தடுப்பாளர் நெருங்க, பெலனோவ் தலையைத் திருப்பாமலே வலப்பக்கம் யெவ்துஷென்கோவுக்கு. அவரும் ஓரடி வைத்து, பாராமலே இன்னும் வலப்பக்கம். அங்கே ஓடிவந்த ப்ளோகின் கோல்கீப்பரின் தலைக்கு மேலே தூக்கிப் போடுகிறார். அது இரண்டாவது கோல். ஆட்டம் 3-0 என முடிந்தது. அங்கே ஒருவர் வருவார் என்று ஒவ்வொருவருக்கும் முன்பே தெரிந்திருந்தது. பயிற்சிக்கூடத்தில் அத்தனை ஆண்டுகள் அளந்ததும் இதற்காகத்தான்.

லோபனோவ்ஸ்கி 2002-இல் காலமானார். டைனமோவின் பழைய மைதானம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. லியோனில் விழுந்த அந்த இரண்டாவது கோலின் காணொளி கிடைத்தால் இருமுறை பாருங்கள். முதல் முறை பந்தை. அடுத்த முறை, பந்தே இல்லாமல் வலது ஓரம் ஓடிவரும் ப்ளோகினை.