உங்களுக்குத் தெரியுமா? பயிரைப் போலவே நிற்கும் களை

கோதுமையும் களையும் பற்றிய உவமையில் (மத்தேயு 13:24–30) வரும் களை ஏதோ ஒரு புல் அல்ல. கதிர் தள்ளும்வரை கோதுமையைப் போலவே வளரும் 'லோலியம் டெமுலென்டம்' என்ற புல்தான் அது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகம் விதைக்கும் கமக்காரருக்கு இது எளிதில் விளங்கும். வீசி விதைத்த வயலில் நெற்சப்பி என்ற களை இளம்பருவத்தில் நெல்லாகவே தோன்றும். இலை தண்டோடு சேருமிடத்தை விலக்கிப் பார்த்தால், நெல்லில் மெல்லிய வெண்சவ்வு இருக்கும், நெற்சப்பியில் இராது. ஆகவே, களை என்ற இந்தக் குறியீட்டின் அழுத்தம் தீமை இருக்கிறது என்பதில் அல்ல, அதைப் பிரித்தறிவதில் மனிதர் தவறக்கூடும் என்பதிலேயே விழுகிறது.

களை பிடுங்காவிட்டால் விளைச்சல் குறையுமே என்று கேட்கலாம். உவமையில் வேலையாட்களும் பிடுங்கத்தான் கேட்கிறார்கள். வழக்கத்துக்கு மாறாக எசமான் தடுப்பதும், கோதுமையும் சேர்ந்து பிடுங்கப்படும் என்று அவர் காரணம் சொல்வதுமே கதையின் திருப்பம். அப்படியானால் அநீதியைக் கண்டும் மௌனமாக இருப்பதா? இல்லை. தவறு செய்த சகோதரனிடம் அதை எடுத்துச் சொல்லும்படி இதே நற்செய்தி (18:15) பணிக்கிறது. மறுபுறம், தூயோர் மட்டுமே திருச்சபை என்ற தொனாத்தியப் பிரிவினருக்கு எதிராகப் புனித அகுஸ்தீனார் இந்த உவமையையே எடுத்துக்காட்டினார். தவறைச் சுட்டுவது நம் கடமை. ஒரு மனிதரை முற்றாகக் களையென்று தீர்ப்பிடுவது நம் உரிமை அல்ல.