அழுகையே வராத பிள்ளை

சாவு வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கல்லூரிப் பையனை "கல்நெஞ்சுக்காரன்" என்று பேசிவிடுகிறோம். பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு மனம் மரத்துப்போவது நெஞ்சழுத்தம் அல்ல. விபத்து, ராகிங், பாலியல் தொல்லை, 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட வெள்ளம் என்று எதைக் கடந்து வந்தவருக்கும் இது நேரலாம். துக்கத்தோடு சந்தோஷமும் சேர்ந்தே அடைபட்டுப் போகும். சீசன் தொடங்கி, கூட்டாளிகள் குற்றாலத்துக்குக் கூப்பிட்டாலும் போகத் தோன்றாது. அம்மாமேல் பாசம் உண்டென்று தெரியும். ஆனால் மனதில் அது எழாது. வேறு யாரோ வாழ்கிற வாழ்க்கையைத் தள்ளி நின்று பார்ப்பதுபோலவும் சிலருக்கு இருக்கும்.

பலருக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டினாலோ, தூக்கமும் படிப்பும் கெட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் இப்படி ஆகலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எதையாவது உணர்ந்தால் போதும் என்று குடியிலும் கையைக் கீறிக்கொள்வதிலும் இறங்கும் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. சாகும் எண்ணம் வந்துவிட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

சுந்தரபாண்டியபுரம் போன்ற ஊரில், தென்காசி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாலே "யாருக்கு என்ன?" என்று கேட்பார்கள். மனநல மருத்துவர் என்றால் கல்யாணப் பேச்சுவரை இழுப்பார்கள். இந்தப் பயத்தைச் சட்டம் அறிந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, அரசு மனநலச் சிகிச்சை ஒவ்வொருவருக்கும் உரிமை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம். உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சந்தர்ப்பங்கள் தவிர, சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. சேவையில் குறை இருந்தால் மருத்துவமனைப் பொறுப்பு அதிகாரியிடமும், அங்கே தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம்.

100 பேருக்குக் குறையாமல் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். ராகிங்தான் காரணமென்றால் 1800-180-5522 என்ற எண்ணில் புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடுக்க 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். எப்படித் தொடங்குவது என்று தயங்க வேண்டாம். "எனக்கு ஒண்ணுமே தோணமாட்டேங்குது" என்று சொன்னால் போதும்; மற்றதை அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.